பொட்டாசியம் போகிற வழி

எங்க ரஹ்மத் நிஷா மேடத்துக்கிட்ட கேள்வி கேட்டா பதில் வராது. வேலைதான் வரும்.

ஒரு தடவை ஒரு மாணவன் போய், "மேடம், என் ஆராய்ச்சி எப்ப முடியும்?"னு கேட்டான். ஒரு டப்பா நிறைய கலந்து கிடந்த பிப்பெட் முனைகளை அவன் கையில குடுத்து, அளவு வாரியாப் பிரிச்சிட்டு வரச் சொன்னாங்க. ரெண்டு நாள் உட்கார்ந்து பிரிச்சான். அதுக்கப்புறம் அவன் அந்தக் கேள்வியைக் கேக்கவே இல்லை.

நான் இருளப்பன். அந்த ஆய்வகத்துல டெக்னீஷியன். பதினாறு வருஷமா க்ரிஸ்டல் ரூம் சாவி என் இடுப்புலதான் கிடக்கு. மேடம் வந்து எட்டு வருஷம்தான் ஆச்சு. சாவியோட சீனியாரிட்டி அதைவிடக் கூட.

க்ரிஸ்டல் ரூம்னா பெருசா ஒண்ணுமில்லை. பாக்டீரியாவுல இருந்து எடுத்த புரதத்தைத் தட்டுல சொட்டுச் சொட்டா வச்சுட்டு, அது கல்கண்டு மாதிரி எப்ப உறையும்னு வாயைப் பொத்திக்கிட்டுக் காத்திருக்கிற ரூம். உறைஞ்சா அது மேல எக்ஸ்ரே விட்டு, உள்ளே ஒவ்வொரு அணுவும் எங்கே உட்கார்ந்திருக்குன்னு படம் எடுத்துருவாங்க. உறையலைன்னா அடுத்த தட்டு. அதுவும் இல்லைன்னா அடுத்த வருஷம்.

உள்ளே தூசி ஆகாது. அதனால ரெண்டு சட்டம் போட்டேன். வெளிச் செருப்பு வாசல்லயே கிடக்கணும், புதுசு பளபளன்னு இருந்தாலும் சரி. வெறுங்காலோடயும் போகக்கூடாது, கண்ணாடிச் சில்லு குத்திரும். உள்ளே போட்டுக்கிறதுக்குன்னு பன்னிரண்டு ஜோடி ரப்பர் செருப்பு நான்தான் போய் வாங்கிட்டு வந்தேன். ஆபீஸ் லிஸ்ட்ல அளவு போடலை. என் காலுக்குப் போட்டுப் பார்த்தேன், கச்சிதமா இருந்துச்சு. பன்னிரண்டும் ஒன்பதாம் நம்பர். இன்னைக்கு வரைக்கும் யாரும் ஒரு குறை சொன்னதில்லை.

மேடம் மட்டும் அந்த ரூமுக்குள்ள வர மாட்டாங்க. வாசலுக்கு வெளியே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துக்கிட்டு, அங்கிட்டு இருந்தே எல்லாத்தையும் சொல்லுவாங்க. குளிர் ஒத்துக்கலைன்னு ஆபீஸ்ல பேசிக்கிட்டாங்க. மாணவங்களை நம்பி விடுற பெரிய மனசுன்னு நான் சொல்லிட்டுத் திரிஞ்சேன். அதுக்கப்புறம் ஆய்வுக்கு வந்த பொம்பளைப் பிள்ளைங்க நாலு பேரும் ஒரே மாசத்துல கம்ப்யூட்டர்ப் பக்கம் மாத்திக் கேட்டு வாங்கிட்டுப் போயிட்டாங்க. சரி, இதுகளுக்குப் பொறுமை இல்லைன்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன்.

அப்பதான் எபனேசர் சார் வந்தாரு.

வயசு நாப்பத்தொம்பது. மேடத்தைவிடப் பதினொரு வயசு மூப்பு. திருநெல்வேலிப் பக்கம் ஒரு காலேஜ்ல உயிரியல் வாத்தியார். மூணு வருஷம் லீவு போட்டுட்டு பிஎச்டி பண்ண வந்திருந்தாரு. ஆள் வாட்டசாட்டம், மீசை அதைவிட. தினமும் காலையில சீப்பு வச்சு அதைச் சீவுறதைப் பார்த்தா, ஏதோ வளர்த்த பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறாரோன்னு தோணும்.

முதல் நாள் நேரா ஒன்பதாம் நம்பர் செருப்புல காலை விட்டாரு. "ஆகா, அளவெடுத்து வாங்கின மாதிரில்லா இருக்கு!"ன்னாரு. எனக்கு மனுஷனை அப்பவே பிடிச்சுப் போச்சு.

உள்ளே நின்னுக்கிட்டு, வாசல்ல உட்கார்ந்திருந்த மேடத்துக்கிட்ட முதல் கேள்வியைப் போட்டாரு.

"மேடம், நான் எதுக்கு வந்தேன்னு முதல்ல சொல்லிருதேன். நம்ம உடம்புல, பாக்டீரியா உடம்புல எல்லாம் பொட்டாசியத்துக்குன்னு ஒரு வாசல் இருக்குல்லா? பொட்டாசியம் போகும், சோடியம் போகாது. வகுப்புல அதை நான் சல்லடைன்னு நடத்துவேன். போர்டுல சல்லடைப் படம் வேற போடுவேன்."

"சரி."

"இருவது வருஷத்துக்கு முன்னால பின்பெஞ்சுல ஒரு பொண்ணு எந்திரிச்சா. 'சார், பொட்டாசியத்தைவிட சோடியம்தானே சின்னது? பெருசு போற சல்லடையில சின்னது ஏன் சார் போகலை?'ன்னு கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

எபனேசர் சார் மீசையைத் தடவினாரு. "உட்காரும்மா, அது சிலபஸ்ல இல்லைன்னேன்."

மேடம் தன் ஸ்டூலை ஒரு தடவை குனிஞ்சு பார்த்துக்கிட்டாங்க.

"உட்கார்ந்துட்டா மேடம். அப்புறம் வருஷம் பூரா அவ ஒரு கேள்வியும் கேக்கலை. அவ மூஞ்சி மறந்து போச்சு, பேரு மறந்து போச்சு. கேள்வி மட்டும் போக மாட்டேங்கு. அந்த வாசலை என் கையால படிகமாக்கி, என் கண்ணால பாத்துரணும். பதிலோடதான் அந்த வகுப்புக்குள்ள திரும்பக் காலை வைக்கணும். நீங்களே சொல்லுங்க, சின்னது ஏன் போகலை?"

"நீங்க உள்ளே வேலையைப் பாருங்க சார். நான் இங்கேயே இருக்கேன்."

எபனேசர் சாருக்கு மெய் சிலிர்த்துப் போச்சு. சாயங்காலம் என்கிட்ட வந்து, "வே இருளப்பன், குருன்னா வாசல் வரைதான் வருவாங்க, உள்ள நாமதான் போகணும். அதைத்தான் சொல்லுதாங்க பாத்துக்கிடும்"ன்னு சொல்லி டைரியில வேற எழுதி வச்சுக்கிட்டாரு.

நானும் சினிமா பார்க்கிறவன்தானே. எனக்கு வேற சந்தேகம். மறுநாள் மேடத்துக்கிட்ட மெதுவாக் கேட்டேன். "அந்தப் பின்பெஞ்சுப் பொண்ணு நீங்கதானே மேடம்?"

"நான் படிச்சது கீழக்கரையில. திருநெல்வேலியில நான் பஸ் மாறினதுகூடக் கிடையாது. போய் வேலையைப் பாருங்கண்ணே."

முதல் வருஷம் பூரா பாக்டீரியா வளர்த்தாரு. ஆட்டுக்குடல் வேகுற மாதிரி ஒரு வாடை. அந்த வாசல்ங்கிறது பாக்டீரியாவோட தோலுக்குள்ள பதிஞ்சு கிடக்கிற ஒரு கொழுப்புப் பிடிச்ச புரதம். சோப்பு போட்டுத்தான் கழட்டணும். அதிகமாப் போட்டா குலைஞ்சு போகும், கொஞ்சமாப் போட்டா கழண்டு வராது. மனுஷன் மல்லுக்கட்டிக் கழட்டி, தட்டுல வச்சு, ஒரு நாளைக்கு ஆறு தடவை எடுத்து எடுத்துப் பார்ப்பாரு.

"அடை வச்ச முட்டையை இப்படிப் புரட்டினா குஞ்சு பொரிக்குமா சார்?"ன்னு கேட்டேன்.

"மனசு கேக்க மாட்டேங்குவே"ம்பாரு.

ரெண்டாவது வருஷம் ஒரு புதன்கிழமை, உள்ளே இருந்து ஒரு அலறல். தேள் கொட்டிருச்சுன்னு நினைச்சு ஓடினேன். மைக்ராஸ்கோப்புல பார்த்தா, வைரம் வைரமா எட்டு க்ரிஸ்டல்.

எங்க ஆய்வகத்துல ஒரு பழக்கம் உண்டு. க்ரிஸ்டல் தெரிஞ்சா ஒரு வாரம் யாருக்கிட்டயும் மூச்சு விடக்கூடாது. அது இன்னதுதான்னு உறுதியான பிறகுதான் வாயைத் திறக்கணும். மேடம் வாசல்ல இருந்து உதட்டுல விரலை வச்சுக் காட்டினாங்க. எபனேசர் சாரும் தலையைத் தலையை ஆட்டினாரு. மறுநாள் ஊர்ல இருந்து ரெண்டு கிலோ அல்வா வந்து இறங்கிருச்சு. துறை முழுக்க வாழையிலைத் துண்டுல வச்சுக் குடுத்தாரு. வாட்ச்மேன் ரெண்டு தடவை வாங்கித் தின்னாரு.

பத்து நாள் கழிச்சு எக்ஸ்ரே முடிவு வந்துச்சு. அது அந்த வாசலே இல்லை. அதே பாக்டீரியாவோட தோல்ல இருக்கிற வேற ஒரு புரதம். கூடவே ஒட்டிக்கிட்டு வந்து, கூப்பிடாத பந்தியில முதல் ஆளா உட்கார்ந்து, தான் மட்டும் ஜம்முனு படிகமாகிருமாம். இந்தத் தொழில்ல இருக்கிற முக்கால்வாசிப் பேரு அதுக்கிட்ட ஏமாந்தவங்களாம். அதோட படம் எப்பவோ எடுத்தாச்சு. புதுசா யாருக்கும் வேண்டியதில்லை.

அன்னையில இருந்து அவருக்கு அல்வா சார்னு பேர் விழுந்துருச்சு. மனுஷன் ரெண்டு நாள் மீசையே சீவலை. பார்க்கவே சங்கடமா இருந்துச்சு.

மூணாவது வருஷம் பிப்ரவரி. மே முப்பத்தொண்ணோட லீவு முடியுது. க்ரிஸ்டல் இல்லைன்னா படம் இல்லை, படம் இல்லைன்னா பிஎச்டி இல்லை. காலேஜ்ல, "வயசான காலத்துல போனாரே, என்னத்தைக் கொண்டு வந்தாரு?"ன்னு கேக்க நாலு பேர் தயாரா இருந்தாங்க. அவரு அதுக்குக்கூடக் கவலைப்படலை. "அந்தப் பெஞ்சைப் பாக்கணுமேவே"ம்பாரு. அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லுவாரு.

அப்பதான் ஒரு தட்டுல, ஒரே ஒரு குழியில, ஒரே ஒரு க்ரிஸ்டல் வந்துச்சு. கடுகுல பத்துல ஒரு பங்குகூட இருக்காது.

இந்தத் தடவை அவரு அலறலை. என்னை ஜாடையில கூப்பிட்டுக் காட்டினாரு. மேடத்துக்கிட்டயும் ஜாடையிலயே சொன்னாரு.

மேடம் வாசல்ல இருந்து கேட்டாங்க. "உப்பா, புரதமா? சொட்டுல கலந்த உப்பும் இப்படித்தான் உறைஞ்சு ஏமாத்தும்."

"புரதமாத்தான் மேடம் இருக்கும்."

"ஊசியை எடுத்து அமுக்கிப் பாருங்க. உப்புன்னா டக்குன்னு உடையிறது விரல்லயே தெரியும். புரதம்னா சத்தமில்லாம நொறுங்கும்."

எபனேசர் சாருக்கு முகம் வெளிறிப் போச்சு. "ஒண்ணே ஒண்ணுதான் மேடம் இருக்கு!"

"தெரியும்."

"நொறுங்கிட்டா புரதம்னு தெரியும். ஆனா புரதம் இருக்காதுல்லா?"

"ஆமா."

"பெத்த பிள்ளையை நிஜமா இல்லையான்னு கிள்ளிப் பாக்கச் சொல்லுதிய!"

ஒரு வாரம் அவரு அமுக்கலை. போக வர எட்டிப் பார்த்துக் கும்பிடாத குறைதான். எட்டாவது நாள் மேடம் ஸ்டூல்ல இருந்து எந்திரிச்சாங்க. "நீங்க பண்ணலைன்னா நான் பண்றேன்"ன்னு சொல்லி, தன் செருப்பைக் கழட்டிட்டு ஒன்பதாம் நம்பர்ல காலை விட்டாங்க.

எட்டு வருஷத்துல அதான் முதல் தடவை. ரெண்டு எட்டு வச்சிருப்பாங்க. தப்பு தப்புன்னு சத்தம். மூணாவது எட்டுல ஒரு செருப்பு கால்ல இருந்து நழுவி, பறந்து போய் ஃப்ரிட்ஜுக்கு அடியில புகுந்துருச்சு. மேடம் மேஜையைப் பிடிச்சு நின்னாங்க. மேஜை ஆடிருச்சு.

"அய்யோ தட்டு! தட்டு ஆடுது!"ன்னு எபனேசர் சார் கத்தினாரு.

"மேஜையைத் தொடாதீங்க மேடம்!"னு நானும் கத்தினேன்.

மேடம் எங்க ரெண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்தாங்க. ஒத்தைச் செருப்போட நொண்டி நொண்டி வாசலுக்குப் போய், தன் செருப்பை மாட்டிக்கிட்டு, பழையபடி ஸ்டூல்ல உட்கார்ந்துட்டாங்க. நான் ஃப்ரிட்ஜுக்கு அடியில குச்சியை விட்டுத் துழாவிக்கிட்டு இருந்தேன்.

"சரி மேடம், நானே குத்துதேன்"ன்னாரு எபனேசர் சார். "ஆனா குத்தினா எனக்குப் பதில் சொல்லணும். சின்னது ஏன் போக மாட்டேங்குது?"

"முதல்ல குத்துங்க."

கண்ணை மூடி என்னமோ ஜெபம் பண்ணாரு. ஊசியை வச்சு அமுக்கினாரு. சத்தமே இல்லை. விரல்ல ஒண்ணும் தட்டுப்படலை. க்ரிஸ்டல் மாவாப் போச்சு.

"மேடம்! புரதம்! புரதம் மேடம்!"னு சிரிச்சாரு. உடனேயே, "போச்சே மேடம்!"னு அழுதாரு. நாப்பது பேருக்குப் பாடம் நடத்துற மனுஷன் ஒரே நேரத்துல ரெண்டையும் பண்றதை அன்னைக்குத்தான் பார்த்தேன்.

மேடம் சொன்னாங்க. "சார், உங்க மீசையில இருந்து ஒரு முடி குடுங்க."

"என்னது?"

"கெட்டியா, நேரா, முனை மழுங்காம ஒண்ணு. பூனை மீசைதான் வழக்கம். எங்ககிட்ட பூனை இல்லை."

எபனேசர் சார் ரெண்டு கையாலயும் மீசையைப் பொத்திக்கிட்டாரு. பிறகு அதையும் குடுத்தாரு. வலதுபக்கம், நடுவுல இருந்து, நல்லதாப் பார்த்து. அவரு பிடுங்கினப்ப எனக்கு வலிச்சுச்சு.

"கழுவிட்டு, அந்த மாவுல ஒரு தடவை தொட்டு, புதுச் சொட்டுக்குள்ள ஒரு கோடு இழுங்க. ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு கோடு. ஒரு தூள் விழுந்தாலும் போதும், அதைச் சுத்தி மத்தது வந்து அடுக்கிக்கிரும்."

இருவத்திநாலு சொட்டுல இருவத்திநாலு கோடு இழுத்தாரு. பன்னிரண்டாம் நாள் தட்டைப் பார்த்தா, மீசை போன வழியெல்லாம் வரிசையா க்ரிஸ்டல். நூறு இருக்கும். எபனேசர் சார் வாயைத் திறக்கலை. அல்வா வரலை. ஒரு வாரம் ஊமையாவே திரிஞ்சாரு. காபி வேணும்னாக்கூட கையைத்தான் காட்டினாரு.

எக்ஸ்ரே முடிவு வந்துச்சு. இந்தத் தடவை அவரு தேடி வந்த அதே வாசல்.

ஏப்ரல் பூரா கணக்குப் போட்டுப் படத்தை எடுத்துட்டாங்க. கம்ப்யூட்டர்ல எனக்கும் காட்டினாரு. நாலு துண்டு வட்டமா நிக்குது, நடுவுல ஒரு ஓட்டை. ஓட்டை குறுகுற இடத்துல சுவத்துல இருந்து ஆக்ஸிஜன் எல்லாம் உள்ளே பார்த்து எட்டிக்கிட்டு இருக்கு. அதுங்களுக்கு நடுவுல பொட்டாசியம் வரிசையா நிக்குது. ஒவ்வொண்ணையும் சுத்தி எட்டு ஆக்ஸிஜன்.

"வாசல் தெரியுது. பெருசு உள்ள நிக்கிறதும் தெரியுது. சின்னது ஏன் போகலைன்னு மட்டும் இப்பவும் தெரியலைவே"ன்னாரு. குரலே இறங்கிப் போச்சு.

மே முப்பத்தொண்ணு. பெட்டி எல்லாம் கட்டியாச்சு. ஆய்வேடு குடுத்தாச்சு. கடைசியா ஒரு தடவை க்ரிஸ்டல் ரூமைப் பார்க்கணும்னு உள்ளே வந்து நின்னாரு. நான் சாவியோட பக்கத்துல நின்னேன். மேடம் வாசல்ல, ஸ்டூல்ல.

"மேடம், க்ரிஸ்டலைக் குத்தினேன். மீசையைக் குடுத்தேன். நாளைக்கழிச்சு வகுப்பு இருக்கு. இப்பமாவது சொல்லுங்க. பெருசு போற வழியில சின்னது ஏன் போக மாட்டேங்குது?"

"மூணு வருஷமா நான் வாசல்லயே உட்கார்ந்திருக்கேன். ஏன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா சார்?"

எபனேசர் சார் டைரியை எடுக்கப் போனாரு. எடுக்கலை. மேடத்தோட காலைப் பார்த்தாரு. நாலாம் நம்பர் இருக்கும், சின்னஞ்சிறு கறுப்புச் செருப்பு. அப்புறம் குனிஞ்சு தன் காலைப் பார்த்தாரு. ஒன்பதாம் நம்பர். வாசல்ல கழட்டிப் போட்ட தன்னோட பெரிய தோல் செருப்பைப் பார்த்தாரு. ஃப்ரிட்ஜுக்கு அடியிலயும் ஒரு தடவை பார்த்தாரு.

"அய்யோ!"ன்னாரு. "தண்ணி! தண்ணி மேடம்! வெளிய இருக்கும்போது ரெண்டுமே தண்ணியைச் சுத்திப் போட்டுக்கிட்டுத்தான் நிக்குது. அதை வாசல்லயே கழட்டிப் போட்டாத்தான் உள்ள போக முடியும். பொட்டாசியம் கழட்டிரும். ஏன்னா உள்ள இருக்கிற எட்டு ஆக்ஸிஜனும் அதோட அளவுக்கு அப்படியே தண்ணி மாதிரியே பிடிச்சுக்கிடுது. சோடியத்துக்கு அந்த இடம் தொளதொளன்னு இருக்கும். பிடிப்பு இல்லை. அப்ப அது எதை நம்பித் தன் தண்ணியைக் கழட்டும்? தண்ணியோட உள்ள வரவும் இடம் கிடையாது. அதனால வாசல்லயே..."

அங்கேயே நிறுத்திட்டாரு. கண்ணு கலங்கிருச்சு.

"சல்லடைன்னு படம் போட்டேனே மேடம். இருவது வருஷம்."

மேடம் சிரிச்சாங்க. கிண்டல் சிரிப்பு இல்லை.

எபனேசர் சாருக்குத் திடீர்னு கோவம் வந்துருச்சு. "அது சரி மேடம், நீங்க ஏன் எட்டு வருஷமா இப்படி வாசல்ல உட்காரணும்? ஒரு ஜோடி நாலாம் நம்பர் வாங்கிப் போடச் சொல்லிக் கேட்டிருக்கலாம்லா?"

"கேட்டேனே சார். வேலையில சேர்ந்த முதல் நாளே கேட்டேன்."

"என்ன சொன்னாவ?"

மேடம் என் பக்கம் திரும்பலை.

"அது லிஸ்ட்ல இல்லை, உட்காருங்கன்னு ஸ்டூல் போட்டுக் குடுத்தாங்க."

எபனேசர் சார் மெதுவா என்னைப் பார்த்தாரு. நான் சாவியைப் பார்த்துக்கிட்டு நின்னேன்.